பொகை ஒத்துக்கல

பொகைதான் தாயி! வேற என்னவா இருக்கும்ங்கறே? அந்த லாரிப் பொகைதான். சொன்னா ஒருத்தராச்சும் நம்பணுமே! நேத்துக் கோடைக்கானல்ல ஒரு டாக்டர்ட்டக் காட்டுனேன். நெஞ்சுல கொழாய வச்சாரு, முதுகுல வச்சாரு, 'மூச்ச இழு, மூச்ச விடு'ன்னு கொல்லன் துருத்தியாட்டம் என்னைய ஊத வச்சாரு. ஊதுனேன். ஊதி முடிச்சுக் கேட்டா, 'அம்மா, ஒங்க ஒடம்புல ஒண்ணுமில்ல'ங்கறாரு! ஒண்ணுமில்லையாமுல்ல! ஒண்ணுமில்லாததுக்கா நான் போளூர்லருந்து வெள்ளனே எந்திரிச்சு, பனியில நடந்து, மன்னவனூர்ல வண்டி புடிச்சு வந்தேன்? ஏதாச்சும் ஒரு சீக்கச் சொல்லி அனுப்பக்கூடாதா? பெரிய சீக்காக் கேக்கல, வாய்வுன்னு சொன்னாக்கூட வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன்ல...

ஏ... நீ பேசாத, நீ பேசாத. அந்த எலுமிச்சம்பழத்த மூக்குக்கிட்டயே வச்சுக்க. மொத மொத பஸ்ஸுல மலையிறங்குறியாக்கும்? மூஞ்சி வெளுத்துக் கெடக்கே. பெருமாள்மல தாண்டிட்டாச் சரியாப் போயிரும். அதுக்கப்பறமும் ரோடு வளஞ்சு வளஞ்சு வளவுதான், ஆனா அதுக்குள்ள வயித்துல ஒண்ணுமிருக்காது, பயமில்ல. சன்னல் பக்கமா நகந்துக்க. நான் பேசிக்கிட்டே வாரேன், நீ கேட்டுக்கிட்டே வா. பேச்சுக் கேட்டா வாந்தி வராதும்பாக. யாரு சொன்னாகளா? நாந்தான் சொல்றேன்.

எம் பேரு வடிவு. பூண்டுக்காரி. பூண்டு, உருளக்கெழங்கு, கொஞ்சம் முட்டக்கோசு. புருசன் தவறிட்டாரு, புள்ள குட்டி கெடையாது, மாடு ஒண்ணு, பொதிக்குதிர ஒண்ணு. இப்ப மதுரப் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். அங்கன எக்ஸ்ரேன்னு ஒரு மிசினு இருக்காமுல்ல, உள்ள இருக்கறதையெல்லாம் படம் புடிச்சுக் காட்டிரும்னாக. காட்டட்டும். அந்தப் படத்தக் கொண்டாந்து இந்த டாக்டரு மேசையில போட்டு, 'இந்தாரும், பாரும், ஒண்ணுமில்லன்னீரே'ன்னு கேக்கல, எம் பேரு வடிவு இல்ல.

என்ன செய்யுதுன்னா கேக்கறே? சொல்றேன் கேளு. எங்கூருக்கு லாரி வராது தாயி. மன்னவனூர் வரைக்குந்தான் வரும். சரக்கையெல்லாம் குதிரையில ஏத்திக் கொண்டாந்து அங்கன ரோட்டோரம் அடுக்கணும். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏத்திக்கிட்டுப் போக ஒரு லாரி வரும். டிரைவரு பேரு சேனாதிபதி. அந்த லாரி கீழ் வளவுல மொனகிக்கிட்டு வர்ற சத்தம் கேக்கும் பாரு... கேட்ட ஒடனே, இந்தா, இந்த எடத்துல, கைய வச்சுப் பாரு... சரி, வைக்காட்டிப் போகுது... கோழிக்கூட்டுக்குள்ள கீரி பூந்தாப்புல ஒரே படபடப்பு! முட்டி ரெண்டும் கூழாப் போயிரும். கன்னம் கொதிக்கும். மூட்டையத் தூக்குனா மூட்ட கனக்காது! நெசமாச் சொல்றேன், உருளக்கெழங்கு மூட்ட தாயி, பஞ்சு மாதிரி மேல வருது! இது சீக்கு இல்லாம என்ன? வாய் தானா இளிச்சுக்கும். ஒரு நா எங்குதிரையப் பாத்துச் சிரிச்சேன். அது பாட்டுக்கு நிக்குது. அது மூஞ்சி எப்பவும் போலத்தான் இருக்கு. நான் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறேன், நிப்பாட்ட முடியல. அது மானஸ்தன். அன்னிக்கு எங்கையால கொள்ளு திங்கல.

இம்புட்டும் லாரி வர்றப்ப மட்டுந்தான். அப்ப அது பொகையா இல்லையா, நீயே சொல்லு. சொல்லாத, சொல்லாத, பழத்த மோந்துக்க.

அந்தாளக் கொற சொல்லக்கூடாது. அவரு என்ன செய்வாரு, வண்டின்னாப் பொகை விடத்தான செய்யும்? ஆளு ஒண்ணும் பாக்க லெச்சணமில்ல. முன்மண்டையில முடி கெடையாது. தொப்ப ஸ்டேரிங்குல முட்டிக்கிட்டு நிக்கும். பாட்டு வேற பாடுவாரு, மேஞ்சுக்கிட்டிருக்க ஆடெல்லாம் தலையத் தூக்கி யாருக்கு என்ன ஆச்சுன்னு பாக்கும். ஆனா பாரு, எறங்குன ஒடனே நேரா எங்கிட்ட வந்து, 'சாப்ட்டிங்களா?'ம்பாரு. அம்புட்டுத்தான். வேற பேச்சில்ல. எங்கூர்ல 'பூண்டு காஞ்சுச்சா'ன்னு கேப்பாக, 'மாடு கறந்துச்சா'ன்னு கேப்பாக. என்னையப் பாத்து சாப்ட்டியான்னு கேட்ட ஆளு... யோசிச்சுப் பாத்தேன், அகப்படல. அவரு கேட்டதும் எனக்குத் தொண்டையில என்னமோ குறுக்க மாட்டிக்கிரும். சாப்ட்டேன்னு சொல்றதுக்குள்ள எட்டு முழுங்கு முழுங்குவேன். மலையில முருங்க காய்க்காதுன்னு கீழருந்து ஒரு கட்டு முருங்கக்கா கொண்டாந்து குடுத்தாரு. கொழம்பு வைக்கலாமுன்னு அருவாமனைய எடுத்தா வெட்டக் கை வரல. சொவத்து ஆணியில தொங்கவிட்டு அதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். காஞ்சு வெறகாப் போச்சு. இன்னுந் தொங்குது. கைக்கும் பொகைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டுறாத, பொகை எங்க வேணாப் போகும்.

எனக்கும் பொகைக்கும் பழைய சகவாசம் தாயி. அதை ஏன் கேக்கறே! எனக்கு ஒரு அஞ்சாறு வயசிருக்கும். எங்கூர்ல வெசக்காய்ச்ச வந்து ஆத்தாளையும் அப்பனையும் அடுத்தடுத்து அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. பெரியப்பா வீட்ல கொண்டாந்து விட்டாக. பெரியம்மா காளியாயி. நல்ல கைப்பக்குவம், சோத்துக்குக் கொற வைக்கல. சத்தந்தான் அவளுக்கு ஆகாது. அழுதா, 'பரணுக்குப் போ'ம்பா. சிரிச்சா, 'பெத்தவகள முழுங்கிட்டு இளிப்பு வேறயா, பரணுக்குப் போ'ம்பா. சரி, வம்பே வேணாம்னு அழுகாமச் சிரிக்காம ஒக்காந்திருந்தா, 'என்னடி மொறைக்கறே'ம்பா... அதுக்கும் பரண்தான்! ஹி ஹி... எனக்கு எப்படி வச்சாலும் பரண்தான்! பரண்னா ஒனக்குத் தெரியாதுல்ல? எங்க பக்கம் அடுப்புக்கு மேல மூங்கிப் பரண் கட்டிப் பூண்டப் பரப்பியிருப்பாக, பொகையிலயே காஞ்சாத்தான் கெடாம நிக்கும். அந்தப் பூண்டோட பூண்டா நானும் காஞ்சேன். அதான் இன்னைக்கு வரைக்கும் கெட்டுப்போகாம இருக்கேன். சிரி, சிரி, சிரிக்கத்தான சொல்றேன்.

பரண்ல ஒரு வசதி பாத்துக்க. பொகையில கண்ணுல தண்ணி ஒழுகுமுல்ல? கீழருந்து பெரியம்மா, 'அழுகறியாடி?'ம்பா. 'இல்ல பெரியம்மா, பொகை'ம்பேன். பொகைக்கு அடி கெடையாது! புத்தி எப்படி வேல செஞ்சிருக்கு பாரு, அந்த வயசுல! அப்பறம் அதே பழக்கமாயிருச்சு. கண்ணுல தண்ணி வந்தா பொகை. தொண்ட அடைச்சாப் பொகை. நெஞ்சு திக்குன்னாப் பொகை. கொஞ்ச நாள்ல பரணுக்குப் போனாலுங்கூடத் தண்ணி வரல. காஞ்சுபோச்சு. ரொம்ப நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்.

டாக்டரு என்ன கேட்டாருங்கறே? 'நீங்க சந்தோசமா இருக்கிங்களா, துக்கமா இருக்கிங்களா?'ன்னு கேட்டாரு. இது ஒரு கேள்வியா? நான் கேட்டேன், 'டாக்டரே, அது எந்தப் பக்கம் இருக்கு, எடப்பக்கமா வலப்பக்கமா? காட்டுங்க, அங்கன வலிக்குதா இல்லையான்னு சொல்லிர்றேன்'னு. பேனாவக் கீழ வச்சுட்டு என்னையே பாத்தாரு. பாவம், தெரியல போலருக்கு. சத்து மாத்திர எழுதிக் குடுத்தாரு. எனக்கு அடிவயித்துலருந்து குபுகுபுன்னு ஒரு எரிச்சல் ஏறுச்சு பாரு, பல்லு நறநறன்னு கடிச்சுக்கிச்சு, கை தானா மடங்கிக்கிச்சு. அது என்ன எழவோ, காலையில குடிச்ச காப்பித்தண்ணி சேரல.

ஊத்துங்கற ஊரு வந்துருச்சு. பாதி வந்துட்டோம். தண்ணி குடிக்கிறியா? வேணாமா? சரி.

பல்லுன்னதும் நெனவுக்கு வருது. என் வீட்டுக்காரரு தவறுன கதையச் சொல்லலையே? அவரு பேரச் சொல்லப்படாது. பழனிமலையில கோவணத்தோட நிக்கிறாருல்ல, கையில என்ன வச்சிருக்காரு? அந்தப் பேருதான், பின்னாடி பாணின்னு முடியும். தங்கமான மனுசன். அதட்டிப் பேச மாட்டாரு. மழையில கெழங்கு மூட்டையோட ஓடப்பக்கம் வழுக்கி விழுந்தாரு, தூக்கிக்கிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஊரே மாரடிச்சு அழுகுது. எனக்கு ஒரு சொட்டு வரல. அதுக்குப் பதுலா விக்கலு! ஹிக்... ஹிக்... பொணத்தச் சுத்தி பொம்பளைக ஒப்பாரி வைக்கிறாளுக, நடுவுல ஒக்காந்து நான் ஹிக்குங்கறேன். தண்ணி குடுத்தாக, சர்க்கர குடுத்தாக, முதுகுல குத்துனாக, நிக்கல. கருமாதி முடியற வரைக்கும் விக்கலு. 'கல்லு மனசுக்காரி, திங்கறதுலயே இருக்கா'ன்னு எங்க ஓரகத்தி கந்தம்மா ஊரெல்லாம் சொன்னா.

அது நின்னதும் பல்லுவலி. இந்தக் கடவாப் பல்லு. உசுரு போகுது. கோடைக்கானல் வந்து புடுங்கிப் பாத்தா, பல்லுல சொத்தையே இல்ல! புதுப் பல்லு மாதிரி பளபளங்குது. வலி பக்கத்துப் பல்லுக்குப் போயிருச்சு. அதையும் புடுங்குனேன். அதுவும் நல்ல பல்லு. அப்பறம் போதும்னு விட்டுட்டேன், கஞ்சி குடிக்கவாச்சும் நாலு வேணுமுல்ல.

எங்க விட்டேன்? லாரியா? ஆமா... அங்கனதான் வாரேன். போன மாசம் லோடு ஏத்திக்கிட்டிருக்கோம். அந்தாளு வண்டியோட முன்மூடிமேல கைய வச்சுச் சாஞ்சுக்கிட்டு, தொண்டையக் கனைச்சுக்கிட்டு, 'எனக்கும் வீட்ல ஆளில்லிங்க. ஒங்களுக்கும் இல்ல. சம்மதம்னாச் சொல்லுங்க, பெரியவங்கள வச்சுப் பேசிக்கலாம்'னாரு. எங்க சனத்துல ரெண்டாந்தாரம் ஒண்ணும் புதுசில்ல தாயி, யாரும் தப்பாப் பேச மாட்டாக. அது இல்ல வெசயம். அவரு சொன்ன ஒடனே கீரி, கோழி, முட்டி, கூழு, கன்னம், தொண்ட, எல்லாம் ஒண்ணாச் சேந்து வந்துருச்சு. போதாக்கொறைக்கு விக்கலு! கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வருது. நான் மாராப்பால மூக்கப் பொத்திக்கிட்டு, 'மொதல்ல வண்டியத் தள்ளி நிறுத்துங்க, எனக்குப் பொகை ஒத்துக்கல'ன்னேன்.

அவரு என்னையப் பாத்தாரு. வண்டியப் பாத்தாரு. 'சரிங்க'ன்னு ஏறுனாரு. போயிட்டாரு.

டம்டம் பாறையா இது? ஆமா. அந்தப் பக்கம் பாக்காத, கிடுகிடு பள்ளம். என் மூஞ்சியப் பாரு.

அடுத்த லோடுக்கு, நாலு நாளைக்கு முன்னாடி, ராமர்னு ஒரு பய வந்தான். வேற லாரி. அது விடுது பாரு பொகை, சூளை மாதிரி! நாலு குதிர தும்முது, பயக எல்லாம் இருமறானுக. நான் நிக்கறேன்... ஒண்ணுமே செய்யல. படபடப்பில்ல, கூழில்ல, கொதிப்பில்ல. சொகமாயிருச்சுன்னு நெனச்சேன். 'அண்ணன் எங்கடா?'ன்னேன். 'அவரு இனி மேல வரமாட்டாராம்க்கா. என்ன கேட்டாலும் வாயத் தெறக்க மாட்டேங்கறாரு. வர்ற வெள்ளிக்கெழமச் சந்தையோட கோயமுத்தூர் பக்கம் மில்லு லாரிக்குப் போறாரு, அங்கனயே தங்கல்தான்'னான். போகட்டுமே! எனக்கென்ன? பொகை என்னைய விட்டுச்சுன்னு நிம்மதியா வீட்டுக்கு வந்தேன். வந்து அடுப்புல ஒல வச்சேன். அரிசி போட மறந்து வெறுந்தண்ணிய வடிச்சேன். அன்னைலருந்து நாக்குல ருசியில்ல. நெஞ்சு மேல யாரோ அம்மிய வச்சாப்புல அமுத்துது. இப்ப இங்கன எந்தப் பொகை இருக்கு? அதான் டாக்டர்ட்ட வந்தேன். லாரி வந்தாலும் நோவு, வராட்டியும் நோவுன்னா இது என்ன நோவு?

ஏ... என்ன அங்கன எட்டிப் பாக்கறே? முன் சீட்டுல திரும்பித் திரும்பிப் பாக்குதே அந்தத் தம்பி, ஒம் புருசனா? புதுசாக் கட்டுனதா? அதானே, தாலி மஞ்ச கூட இன்னும் வெளுக்கல. ஏந்தாயி, அந்தத் தம்பி பாக்கறப்பல்லாம் ஒனக்கு காதுமடல் செவக்குதே? வாந்திக்கு நடுவுல இளிச்சுக்கறியே? ஒனக்கும் எஞ்சீக்குத்தான் போலருக்கு! டிரைவரே, வண்டியில பொகை வருதா பாருங்க, இந்தப் புள்ளைக்கும் ஒத்துக்கல!

என்ன? பழத்த எடுத்துட்டுச் சொல்லு. என்னது?

...பிரியமா?

சீ! ஏ புள்ள, வாயக் கழுவு! யாரு மேல யாருக்குப் பிரியம்? அந்த மொட்டத்தலை மேலயா? எனக்கா? இந்த வயசுலயா? நல்லாச் சொன்னே போ... கண்டக்டரே, இந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னு கேட்டிங்களா... வேணாம், கேக்காதிங்க.

இரு. இரு இரு. ஒனக்குப் படபடங்குமா? அந்தத் தம்பியப் பாத்தா? முட்டி? ...முட்டியுமா! சிரிப்பு வருமா, ஆட்டப் பாத்தா மாட்டப் பாத்தா? ...வருமா! அப்ப ஒனக்கு அது பிரியம்னு எப்படித் தெரிஞ்சுச்சு? யாரு சொல்லிக் குடுத்தா? ...தானாத் தெரியுமா? எல்லாருக்குமா? சின்னதுலருந்தேவா? அடேயப்பா!

ஏந்தாயி... அப்ப ஒண்ணு கேக்கறேன். என் வீட்டுக்காரரு தவறுனப்ப எனக்கு வந்துச்சே, அந்த விக்கலு... அது?

...அழுகையா?

அம்புட்டு விக்கலுமா? அத்தனையும் அழுகையா? நான்... அப்ப நான் அழுதுருக்கேன்! கந்தம்மாவுக்கு மேல அழுதுருக்கேன், அவ சும்மா ரெண்டு மணி நேரம் கத்துனா, நான் கருமாதி வரைக்கும் அழுதுருக்கேன்! அவருக்குத் தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்கும்ங்கறியா? ...பல்லு? பல்லும் அதேதானா? அடி ஆத்தி! நல்ல பல்லு தாயி ரெண்டும்! முறுக்குத் தின்னுக்கிட்டிருந்த பல்லு! ஒரு சொல்லு யாராச்சும் சொல்லியிருந்தா இன்னைக்கும் முறுக்குத் தின்னுக்கிட்டிருப்பேனே!

ஹ... ஹா... என்னைய ஏன் புடிக்கறே? விழுந்துற மாட்டேன். சிரிக்கத்தான் செய்யறேன். கண்ணுல என்னமோ ஒழுகுது பாரு. சன்னல மூடு, தூசி... இல்ல. மூடாத. ஒழுகட்டும். இந்த வண்டியில பொகையுமில்ல தூசியுமில்ல. நல்லா உப்பா இருக்கு தாயி. நல்லா ஒழுகட்டும்.

அப்ப அந்தாளுகிட்ட நான் என்ன சொல்லியிருக்கேன்! மனுசன் வாயத் தெறந்து ஒண்ணக் கேட்டா, பொகை ஒத்துக்கலன்னு வெரட்டி விட்டிருக்கேனே! வேணாம்னு நெனச்சுக்கிட்டுத்தான போயிருப்பாரு? 'சரிங்க'ன்னாரே... திரும்பிக்கூடக் கேக்கலையே... அந்தச் 'சரிங்க'க்கும் இப்படி ஏதாச்சும் பேரு இருக்கும்ல? ...இன்னைக்கு என்ன கெழம? ...வெள்ளியா! ஐயையோ, வெள்ளிக்கெழமயா! டிரைவரே, வெரசாப் போங்க! வளவுல மெதுவாத்தான் போகணும்னா வளவு இல்லாத எடத்துல வெரசாப் போங்க!

வத்தலக்குண்டு வந்துருச்சு. எறங்கு, எறங்கு. ஒன் வயிறு எப்படி இருக்கு? சமதரையில நின்னாச் சரியாயிரும். அதோ நிக்குது பாரு மதுர வண்டி, நீயும் ஒம் புருசனும் ஏறிக்கங்க. நான் வரல. எக்ஸ்ரே என்னத்துக்கு? படம் புடிச்சு அதுல முருங்கக்கா தெரிஞ்சா அந்த டாக்டரு என்ன நெனப்பாரு! பழனி வண்டி எது? செம்பட்டி வழியா... அந்தா, அந்தா! ஏலே, நிறுத்துங்கப்பா! கண்டக்டரே, ஒட்டன்சத்திரம் போகுமா? சந்தைகிட்ட நிப்பிங்களா? சீட்டு இல்லாட்டிப் பரவால்ல, நின்னுக்கிட்டு வாரேன், கூரையில ஏறச் சொன்னாலும் ஏறுறேன்!

தாயி! இங்க வா, சன்னல்கிட்ட வா! ஒரு சொல்லு! உள்ளங்கையெல்லாம் வேத்து வழியுது. முட்டி மறுக்கயும் கூழாகுது. ஆனா இது அது இல்ல, இது வேற. வயித்துக்குள்ள சில்லுன்னு எறங்குது. அவரு அதுக்குள்ள போயிருந்தா? போகாம இருந்து, 'இப்ப என்னத்துக்கு வந்தே'ன்னுட்டா? நான் வாயத் தெறந்தா விக்கலு வந்துருச்சுன்னா? இது... இரு, இரு, சொல்லாத! நீ சொல்லாத, நானே சொல்றேன்! இது... பயம்! பயந்தான? பயந்தான தாயி?

அந்தப் புள்ள தலைய ஆட்டிருச்சு! ஆட்டிருச்சு! ஏ ஐயா, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, எனக்குப் பயமாருக்கு! சிரிக்காதிங்க, நெசமாவே பயமாருக்கு, அம்புட்டுப் பயமாருக்கு! ரைட்டு குடுங்க கண்டக்டரே!